வாகட் மாடியில் மூடாக்கு

வாகட், புனே
12 மார்ச் 2024

ப்ரியா,

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிற. வாட்ஸ்அப்ல எது போட்டாலும் ஒத்தை டிக்கோட நிக்குது. நீ என்னை பிளாக் பண்ணிட்டன்னு கௌஷிக் ஹைதராபாத்தில இருந்து சொல்றான். என் பிள்ளை அவன் அனுப்பினா அத்தை உனக்குப் போகுதாம், நான் அனுப்பினா போகலையாம். சரி, தபால்காரரை உன்னால பிளாக் பண்ண முடியாதுல்லா? அதான் எழுதுறேன். லோஹேகாவ்ல எந்தத் தெருவில ரூம் எடுத்திருக்கன்னுகூட நீ சொல்லலை, அதனால உன் ஸ்கூல் விலாசத்துக்கே போடுறேன்.

நடந்ததை என் பக்கத்து நியாயத்தோட ஒரு தடவை எழுதிடுறேன். உங்க அண்ணனுக்கு வருசத் திதி. அம்பாசமுத்திரத்தில இருந்து சொந்தக்காரங்க நாலு பேர் வர்றாக. வீட்டைக் கழுவி விட்டேன். மாடியையும் தூத்தினேன். அவுக பலகை அடிச்சு மண்ணு ரொப்பி வச்ச மூணு மேட்டுப்பாத்தி மேலயும் காஞ்ச இலையும் வைக்கோலுமா மெத்தை கணக்கா கிடந்துச்சு. அதையும் வாரி மூட்டை கட்டி, காலையில மணி அடிச்சுக்கிட்டு வர்ற கண்டா காடி குப்பை வண்டியில போட்டுட்டேன். நீ அதை மூடாக்குன்னுவ, மண்ணு காயாம இருக்க மேல போடுறதுன்னுவ. எனக்கு அது குப்பைதான். திதி வீட்ல குப்பை கிடந்தா வர்றவங்க என்ன நினைப்பாக? பொறவு வந்தவங்களுக்கு வடிச்சுக் கொட்டவே நேரம் சரியாப் போச்சு. தண்ணி ஊத்த உனக்கும் தோணலை, எனக்கும் தோணலை. வெறும் மண்ணை வெயில் சுட்டெடுத்துட்டு. அவுக கையால நட்ட கத்திரி அத்தனையும் சருகாப் போச்சு.

அதுக்கு நீ, அண்ணன் வச்சுட்டுப் போனதையும் கொன்னுட்டீங்களேன்னு கத்தின. நானும் சும்மா இருக்கலை. இது என் வீடு, எது குப்பைன்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன். நீ பையைத் தூக்கிட்ட. அவ்வளவுதானே நடந்தது? இதுக்கா பதினஞ்சு வருசம் ஒரே அடுப்பில சமைச்சுத் தின்னதை விட்டுட்டுப் போவாக?

கௌஷிக் வீட்டைப் பூட்டிட்டு வாம்மாங்கிறான். எனக்குப் போக மனசில்லை. தனியா இருக்கவும் முடியலை. ரெண்டு பேருக்குன்னு அரிசி களைஞ்சுட்டு பாதியை வடிச்சு எடுக்கிறேன். நீ திரும்பி வரணும். சுத்தி வளைக்காமச் சொல்லிட்டேன்.

நர்சரியில நாத்து வாங்கி வந்து மூணு பாத்தியிலயும் நட்டுட்டேன். கத்திரி, தக்காளி, மிளகாய், நடுநடுவுல வெங்காயம். மேத்தின்னு இங்க சொல்ற வெந்தயக்கீரையும் முள்ளங்கியும் விதை தூவியிருக்கேன். கை வைக்க இடமில்லாம நட்டிருக்கேன். எதை வச்சு எப்படி மூடணும்னு மட்டும் எழுது. கோவத்தை அப்படியே வச்சுக்கோ, இதை மட்டும் எழுது.

வனஜா மதினி

—

லோஹேகாவ்
21 மார்ச்

மதினி,

கடிதம் ஸ்டாஃப் ரூமில் என் மேஜை மேல் இருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் திறக்காமல் பைக்குள் போட்டேன். இன்றைக்குத்தான் பிரித்தேன். யார் பக்கம் நியாயம் என்று பேச எனக்குத் தெம்பில்லை. செடிக்காக மட்டும் எழுதுகிறேன்.

நெருக்கி நட்டதில் தப்பில்லை. அண்ணனும் அப்படித்தான் நடுவான். இலைகள் வளர்ந்து ஒன்றை ஒன்று தொட்டுவிட்டால் மண்ணில் வெயில் படாது, அப்புறம் செடியே செடிக்குக் குடை பிடித்துக்கொள்ளும். அதுவரைக்கும்தான் நாம் மூடிக் கொடுக்க வேண்டும். முதலில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தே கிடக்கும். நெருக்கமான பாத்தியில் கூடையைக் கவிழ்த்துக் கொட்ட முடியாது, நாத்து அமுங்கிப் போகும். பக்கத்தில் உட்கார்ந்து, கீழ் இலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செருக வேண்டும். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், இரண்டு விரல் தள்ளியே இருக்கட்டும். ஒட்டினால் தண்டு அழுகும். மேத்தி, முள்ளங்கி விதைத்த இடத்தில் முளைத்து விரல் உயரம் வரும்வரை எதையும் போடக் கூடாது.

காய்ந்த இலை, வைக்கோல், எது கிடைத்தாலும் சரி. நீங்கள் கண்டா காடியில் போட்டது நல்ல சரக்கு.

போனில் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் ஒன்று சண்டை போடுவேன், இல்லையென்றால் அழுவேன். இங்கே பரீட்சை நடக்கிறது, ரெண்டுக்கும் நேரமில்லை.

ப்ரியா

—

வாகட்
3 ஏப்ரல்

ப்ரியா,

நல்ல சரக்குன்னு குத்திக் காட்டினியே, சந்தோசம். நீ குத்திக் காட்டினா எனக்குப் பாதி உடம்பு சரியானாப்ல இருக்கு.

இப்ப நான் பண்ணி வச்சிருக்கிறதைக் கேளு. நம்ம சொசைட்டிக் குடியிருப்புல விழுற இலையை எல்லாம் விடியக்காலமே பெருக்கி அள்ளிட்டுப் போயிடுறாங்க. வைக்கோலுக்கு வாகட்ல நான் எங்க போவேன்? சௌக் முக்குல ரசவந்திக்காரன் சலங்கை கட்டின மெஷின்ல கரும்பு பிழிஞ்சுக்கிட்டிருந்தான். பக்கத்துல சக்கை மலை மாதிரி கிடக்கு. இதை விடவா நல்ல மூடாக்குன்னு நினைச்சு, சக்கை தருவியான்னு கேட்டேன். எத்தனை மாடு வச்சிருக்கீங்கன்னு மராத்தியில கேட்டான். மேட்டுப்பாத்தின்னு மராத்தியில எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, மூணுன்னு சொல்லிட்டேன். மூணு மாட்டுக்குண்டான சக்கையைக் கட்டிக் குடுத்துட்டான். ரிக்ஷாக்காரன் வண்டி பிசுபிசுன்னு ஆயிடுச்சுன்னு வழியெல்லாம் முனகிக்கிட்டே வந்தான்.

நீ சொன்னபடிதான் பண்ணினேன் ப்ரியா. தண்ணி விட்டேன், கையால செருகினேன், ரெண்டு விரல் விட்டேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பார்க்க வெள்ளை வெளேர்னு அழகா இருந்துச்சு. ரெண்டு நாள்தான். பொறவு எறும்பு. கட்டெறும்பு, சிற்றெறும்பு, பேர் தெரியாத எறும்பு எல்லாம் மாடிக்கு வந்து, படியில இறங்கி, நம்ம சமையக்கட்டு சர்க்கரை டப்பா வரைக்கும் போயிடுச்சு. அது போதாதுன்னு புளிச்ச கள்ளு மாதிரி ஒரு வாடை. கீழ் வீட்டு ராஜஸ்ரீ மூக்கைப் பொத்திக்கிட்டு மேல வந்து பார்த்துட்டு, மூக்கில இருந்து கையை எடுக்காமலே இறங்கிப் போனா. ராத்திரி சொசைட்டி குரூப்புல யார் வீட்டுலயோ சாராயம் காய்ச்சுறாங்களான்னு ஒரு கேள்வி வந்துச்சு. மராத்தியிலதான் வந்துச்சு, ஆனா அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும்லா.

நாத்து இன்னும் உயிரோட இருக்கு. ஆனா தக்காளி இலை மஞ்சளடிக்குது. இதையும் கொன்னுட்டேன்னா நீ இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டன்னு தெரியும். என்ன பண்ணட்டும்? சீக்கிரம் எழுது.

மதினி

—

லோஹேகாவ்
9 ஏப்ரல்

மதினி,

கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. மூணு மாடு என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. அண்ணன் போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பயப்படாதீர்கள், கொன்றுவிடவில்லை. சக்கையில் இன்னும் சர்க்கரை இருக்கிறது, அதுதான் எறும்பும் வாடையும். அத்தனையையும் எடுத்து மாடித் தரையில் பரப்பி, தண்ணீர் ஊற்றி அலசி, மொறுமொறுவென்று காய விடுங்கள். இந்த வெயிலுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். பிறகு கையால் பிய்த்து மெல்லிசாகப் போடலாம். பச்சையாகப் போட்டால் அது மக்குவதற்காக மண்ணில் இருக்கும் சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், மஞ்சளடிப்பது அதனால்தான். வடை தட்ட வைத்திருக்கும் கடலைப் புண்ணாக்கு இருந்தால் ஊறவைத்துத் தெளிவை ஊற்றுங்கள்.

வடை தட்ட யாரும் புண்ணாக்கு வைத்திருக்க மாட்டார்கள். உங்களிடம் பேசுகிற ஞாபகத்தில் ஏதோ எழுதுகிறேன். கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் பாத்தி வெறுமையாகக் கிடக்க வேண்டாம். எங்கள் ஸ்கூலில் லேப் பார்த்துக்கொள்கிற தங்கராஜ் சார் ஏர்ஃபோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டுப் பக்கம் தூங்குமூஞ்சி மரங்கள் நிறைய. சின்ன இலை, நெருங்கிய செடிகளுக்கு நடுவில் செருகுவதற்கு அதுதான் வசதி. இரண்டு சாக்கு நிரப்பி ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கொண்டுவந்து தருவார். இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். ஒரு டம்ளர் மோர் கொடுங்கள், போதும்.

ப்ரியா

—

வாகட்
20 ஏப்ரல்

ஏளா ப்ரியா,

மோர் போதும்னு எழுதியிருந்த. அவர் மோரும் குடிச்சார், புளிக்குழம்பு ஊத்தி மூணு தடவை சாதமும் வாங்கிச் சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவி வச்சார். காலி சாக்கை ஏர்ஃபோர்ஸ் கம்பளி கணக்கா ஓரத்தோட ஓரம் சேர்த்து மடிச்சு எடுத்துக்கிட்டார். உன் கடிதாசி மடங்காம இருக்க ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சுக் கொண்டாந்திருக்கார். இதையெல்லாம் நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

இலை பிரமாதம். அவர் போனதும் வெயில் தாழ உட்கார்ந்து செருகினேன். ஒரு பாத்தி முடிக்கவே இருட்டிடுச்சு. மறுநாள் ராஜஸ்ரீ வந்து எட்டிப் பார்த்துட்டு, சாராய வாடை போயிடுச்சேன்னு சிரிச்சா. அவளும் ஒரு கை செருகினா. தக்காளி பச்சைக்குத் திரும்பிடுச்சு. மேத்தியை ஒரு தடவை அறுத்துத் தேப்லா ரொட்டி பண்ணியாச்சு. செடிக்குச் செடி இலை தொட ஆரம்பிச்சிருக்கு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். கதவைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மதினி, ப்ரியா அனுப்பிச்சா." சொல்லிட்டு அவருக்கே தூக்கி வாரிப் போட்டுட்டு. காது வரைக்கும் சிவந்து, பொறவு கிளம்புற வரைக்கும் மேடம் மேடம்னு தவிச்சார். ஸ்கூல் லேப் பார்க்கிற ஒரு மனுசருக்கு நான் எப்படி மதினி ஆனேன்? அக்கான்னு சொல்லியிருக்கலாம். ஆன்ட்டின்னு சொல்லியிருந்தா கோவிச்சுக்கிட்டிருப்பேன், ஆனா புரிஞ்சுக்கிட்டிருப்பேன். அதுவும் டீச்சரம்மா இல்ல, "ப்ரியா அனுப்பிச்சா."

எனக்கு அம்பத்திரண்டு வயசாகுது. என்னை ஏமாத்தாத. ஆமாவா இல்லையா?

மதினி

—

லோஹேகாவ்
4 மே

மதினி,

ஆமா.

பள்ளிக்கூடத் தமிழில் எழுதினால் வரமாட்டேங்குது. பேசுற மாதிரியே எழுதுறேன்.

அவருக்கு நாகர்கோவில் பக்கம். தங்கச்சிகளைக் கட்டிக் குடுத்துட்டு நிமிர்ந்து பார்த்தப்ப நாப்பத்தஞ்சு வயசாயிடுச்சுன்னு சொல்லுவார். எனக்கு முப்பத்தொன்பது. என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்களும் அப்புறம் வராதவங்களும் உங்களுக்கே தெரியும். இனிமே இதெல்லாம் எதுக்குன்னு விட்டுட்ட பிறகுதான் அவர் வந்தார். நான் எந்நேரமும் மதினி அப்படிச் சொல்வாங்க, மதினி இப்படிச் செய்வாங்கன்னே பேசுவேன். அதுவே அவர் வாயில ஒட்டிக்கிச்சு.

அண்ணன்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். சாகண்ல கம்பெனி வேலையில இருந்தப்பவே நெஞ்சுவலி வந்து அண்ணன் போயிட்டான். துக்க வீட்டில கல்யாணப் பேச்சை எப்படி எடுப்பேன்? வருஷத் திதி முடியட்டும்னு பொறுத்திருந்தேன். வந்தவங்க எல்லாரும் ரயில் ஏறின அன்னைக்கு உங்களை மாடிக்குக் கூப்பிட்டு, அந்தக் கத்திரிச் செடி பக்கத்துல உட்கார வச்சுச் சொல்லணும்னு நினைச்சேன். அங்க சொன்னா அண்ணன்கிட்டயும் சொன்ன மாதிரி இருக்கும்னு ஒரு இது. முன்கூட்டியே போய் இடத்தைச் சரி பண்ணலாம்னு ஏறினேன். எல்லாம் செத்துக் கிடந்துச்சு. அதான் அப்படிக் கத்தினேன். வெறும் செடிக்காகக் கத்தலை மதினி.

அப்ப நீங்க இது என் வீடுன்னு சொன்னீங்க. ஒருத்தியைக் கட்டிக் குடுக்க ஒரு பொறந்த வீடு வேணும். அப்பா அம்மா இல்லை, அண்ணன் இல்லை. எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வீடுதான். அதுவும் இல்லைன்னு ஆனப்ப உங்ககிட்ட எதைச் சொல்ல?

இப்பச் சொல்லிட்டேன். அவர் ஆனியில வச்சுக்கலாம்னு கேக்கிறார். நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரியாம நான் சரின்னு சொல்லலை.

ப்ரியா

—

வாகட்
26 மே

ப்ரியா,

மூணு வாரமா எழுதலை. எழுதக் கூடாதுன்னுதான் எழுதலை.

நான் உன்னைத் திரும்ப இந்த வீட்டுக்கு வரவழைக்க எறும்புக் கடி பட்டு, இடுப்பு ஒடிஞ்சு, ரசவந்திக்காரன்கிட்ட மாட்டுக்காரின்னு பேர் வாங்கி இத்தனையும் பண்ணிக்கிட்டிருக்கேன். நீ இங்கிருந்து போறதுக்கு வாசல் கேக்கிற. எனக்கு எப்படி இருக்கும்? உனக்குக் கல்யாணம்னா சந்தோசப்படத் தெரியாதவ இல்ல நான். ஆனா முதல்ல வந்தது சந்தோசம் இல்ல, சொல்லிட்டேன். நம்மளை விட்டுட்டுப் போறாளேன்னுதான் வந்துச்சு.

அன்னைக்கு உன் கடிதாசியைப் படிச்சுட்டு விறுவிறுன்னு மாடிக்குப் போனேன். யாருக்காக இதெல்லாம்னு மூடாக்கு மொத்தத்தையும் வாரி எறியணும்னு தோணுச்சு. ஒரு கை அள்ளியும் அள்ளிட்டேன். வெயில் தலையைப் பிளக்குது, தரையில கால் வைக்க முடியலை. இலைக்கு அடியில கை போச்சு பாரு, அங்க மண்ணு சில்லுன்னு ஈரமா இருக்கு. காலையிலகூட நான் தண்ணி ஊத்தலை. மண்புழு ஒண்ணு கையில பட்டு நெளிஞ்சுது. அள்ளினதை அப்படியே திரும்பப் போட்டு, தண்டுக்கு ரெண்டு விரல் விட்டு மூடிட்டு, பாத்தி ஓரத்துல உட்கார்ந்து அழுதேன். திதிக்கு முந்தின நாள் நான் வாரிப் போட்டது என்னதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இதுக்கு மேல அதைப் பத்தி என்கிட்ட எதிர்பார்க்காத.

இன்னொண்ணு. இது என் வீடுன்னு சொன்னேன்லா, அது உன்னைத் துரத்தச் சொன்னது இல்ல. அவுக போன நாள்ல இருந்து பாங்க்ல, சொசைட்டியில, எங்க போனாலும் இனிமே எல்லாம் நீங்கதான் பார்க்கணும்னு சொல்லிச் சொல்லி என்னைப் பயமுறுத்தி வச்சிருந்தாங்க. அந்தப் பயத்தில வந்த வார்த்தை அது. உனக்குப் பொறந்த வீடு இதுதான். இதைக்கூட எழுதித்தான் சொல்லணுமா, வெக்கமா இருக்கு.

சரி, அந்த மனுசரைப் பத்தி உருப்படியா எழுது. குடிப்பாரா? கோவம் வருமா? உன்னை வேலைக்கு அனுப்புவாரா? புளிக்குழம்பு பிடிக்கும்னு எனக்கே தெரியும், அதை எழுத வேண்டாம்.

மதினி

—

லோஹேகாவ்
5 ஜூன்

மதினி,

குடிக்க மாட்டார். கோவம் வந்தா சாமானை எல்லாம் எடுத்து அடுக்க ஆரம்பிச்சுடுவார். லேப் பளபளன்னு இருந்தா பிரின்சிபால்கூட அவருக்கு இன்னைக்குக் கோவம்னு கண்டுபிடிச்சுடுவாங்க. வேலையை நான் விடப் போறதில்லை, அவரும் கேக்கலை.

மழை வரப் போகுது. முதல் மழை விழுந்ததும் மூடாக்கைப் பாதியா குறைச்சுடுங்க. வெயிலுக்குப் போட்டது வேற, மழைக்கு வேற. கனமா கிடந்தா அடியில நத்தை வந்து குடியேறும், செடி நெருக்கமா இருக்கறதால வெளியவும் தெரியாது. எடுத்ததைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஒரு மூலையில குமிச்சு வையுங்க. எனக்குத் தெரியும், கண்டா காடி மணி கேட்டா உங்க கை சும்மா இருக்காது.

ஆனி கடைசியில ஒரு நாள் பார்த்திருக்கார். இங்க இருக்கிற முருகன் கோயில்ல தாலி, அப்புறம் ரிஜிஸ்டர். ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், வாகட்ல வீட்டுச் சாப்பாடு. நான் இந்த வாடகை ரூம்ல இருந்து கிளம்பிப் போய்த் தாலி கட்டிக்கிட்டு, பக்கத்துத் தெருவுக்குக் குடி போறதுக்கு மனசு ஒப்பலை. நம்ம வீட்டில இருந்து கிளம்பணும். கல்யாணச் சேலையை உங்க கையால நீங்க எடுத்துக் குடுக்கணும். இந்த ரெண்டும்தான் கேக்கிறேன்.

ப்ரியா

—

வாகட்
13 ஜூன்

ப்ரியா,

முதலாவதுக்கு ஆமா. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தியே வந்துடு. கௌஷிக்குக்கும் சொல்லியாச்சு, லீவு போடுறான்.

ரெண்டாவது முடியாது. நான் புருசன் போனவ. சேலைத் தட்டை நான் தொட்டுக் குடுத்தா கோயில்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. பேச்சு எனக்குப் பழகிப் போச்சு. நாளைக்கு உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட என்னாலதானோன்னு நானே நினைப்பேன், அதுதான் பயம். அம்பாசமுத்திரத்தில இருந்து சந்திரிகா அத்தையை வரச் சொல்றேன். அவுக சுமங்கலி, பிள்ளைகுட்டிக்காரி. நான் பின்னால நின்னு கண்ணு நிறையப் பார்த்துக்கிறேன், அது போதும் எனக்கு. பிடிவாதம் பிடிக்காத.

மழை வந்துட்டு. மூடாக்கைக் குறைச்சேன். நத்தை முந்திக்கிட்டு, ராத்திரியோட ராத்திரியா மிளகாய்ச் செடி ரெண்டை மொட்டை அடிச்சிருக்கு. இட்லித் துணி எடுக்கிற இடுக்கியால பிடிச்சுப் பிடிச்சு டப்பாவில போட்டேன். கொல்ல மனசு வரலை, கீழ காலி மனையில கொண்டுபோய் விட்டேன். கத்திரி பூ விட்டு, பிஞ்சு பிடிச்சிருக்கு. கல்யாணச் சமையலுக்கு ஆகும்.

மதினி

—

லோஹேகாவ்
18 ஜூன்

மதினி,

சந்திரிகா அத்தை வரட்டும், நல்லா சாப்பிட்டுட்டுப் போகட்டும். சேலை நீங்க குடுத்தாத்தான். இல்லைன்னா ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போற சுடிதாரோட தாலி கட்டிக்குவேன், அவருக்கு ஆட்சேபணை இல்லையாம்.

அண்ணன் இருந்திருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்திருப்பீங்க. அவன் கை இல்லைன்னா உங்க கையும் இல்லைன்னு ஆயிடுமா? எனக்குச் சாப்பாடு போட்ட கை அது. தலைவலி வந்தா மாத்திரை போட்டுக்கிறேன்.

முப்பதாம் தேதி சாயங்காலம் வர்றேன். போன்ல பிளாக்கை எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள கூப்பிடாதீங்க, நேர்லயே பேசிக்கலாம்.

ப்ரியா

—

வாகட்
11 ஜூலை

அன்பான ப்ரியாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

தினம் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா இதைப் போன்ல சொல்லக் கூடாது. முறைப்படி எழுத்துல வரணும்னு உட்கார்ந்திருக்கேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு. அன்னைக்குக் கோயில்ல தட்டை சந்திரிகா அத்தை கையில குடுத்துட்டு நான் தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். கடைசி நேரத்துல நீ அடங்கிடுவன்னு கணக்குப் போட்டேன். நீ மணையில உட்காரலை. ஐயர் நேரமாச்சுங்கிறார், அத்தை தட்டை நீட்டிக்கிட்டு நிக்கிறாக, நீ திரும்பி என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிற. மாப்பிள்ளைதான் வந்தார். அத்தை கையில இருந்த தட்டை மரியாதையா வாங்கி, நேரா தூணுக்குப் பின்னால கொண்டாந்து என் கையில வச்சுட்டு, "வாங்க மதினி, அவ நின்னுக்கிட்டே இருக்கா"ன்னு சொன்னார். தட்டோட நான் நடந்து வந்த அந்த நாலடியில என் காலு தரையில பட்டுச்சான்னு எனக்குத் தெரியாது. சேலையை உன் கையில வச்சப்ப சந்திரிகா அத்தையே முதல்ல குலவை போட்டாக. அதை நீ கேட்டியோ என்னவோ, நான் கேட்டேன்.

நீங்க ரெண்டு பேரும் லோஹேகாவ் கிளம்பினதும் வீடு வெறிச்சுனு ஆயிட்டு. கௌஷிக்கும் மறுநாள் போயிட்டான். மாடிக்குப் போனேன். விருந்துக்குப் பறிச்சதுல கத்திரிப் பாத்தி கலைஞ்சு கிடந்துச்சு. அங்கங்க மண்ணு தெரிஞ்ச இடத்துல மூலையில குமிச்சு வச்ச இலையை எடுத்துச் செருகிக்கிட்டே, உன்னைத் திரும்ப எப்படிக் கூப்பிடுறதுன்னு யோசிச்சேன். நாத்தனாரா வந்து இருன்னு இனிமே சொல்ல முடியாது, நீ இன்னொரு வீட்டுக்காரி. அப்பத்தான் உறைச்சுது. நான் ஏன் கெஞ்சணும்? ஆடி வருதுல்லா?

ஆகவே முறைப்படி எழுதுறேன். ஆடி ஒண்ணாந் தேதி காலையில நான் லோஹேகாவ் வர்றேன். தட்டுல வெத்திலை பாக்கு, பழம், பூ, உனக்கு ஒரு சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எல்லாம் எடுத்துக்கிட்டு வர்றேன். புதுசா கல்யாணமான பொண்ணை ஆடி மாசத்துக்குப் பொறந்த வீடு வந்து கூட்டிட்டுப் போறது நம்ம வழக்கம். நாகர்கோவில்லயும் அதே வழக்கம்தான், விசாரிச்சுட்டேன். துணிமணியைக் கட்டி வை. ஸ்கூலுக்கு இங்கிருந்து போய்க்கோ, பதினஞ்சு வருசமா போய் வந்தவதானே. மழைப் பாத்தி மூணுக்கும் புதுசா நடணும், எனக்கு ஒருத்தியா முடியாது.

மாப்பிள்ளை, உங்ககிட்ட நான் அனுமதி கேக்கலை, தகவல் சொல்றேன். ஞாயித்துக்கிழமை தவறாம வந்து புளிக்குழம்பு சாப்பிட்டுட்டுப் போங்க. நடுவுல வந்து அவளைக் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டா மட்டும், மாசம் முடியிற வரைக்கும் நான் அனுப்ப மாட்டேன்.

மதினி